பேட்டரியில் ஓடும் சின்ன ட்ரம் மெஷின்: கிட்டார் வாசித்துப் பாடுபவர் வாங்கலாமா?

ஆறாம்கம்பி:
வணக்கம். அகூஸ்டிக் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறேன், துணைக்கு வேறு ஆள் கிடையாது. தாளத்துக்கு ஒரு சின்ன ட்ரம் மெஷின் வாங்கலாமா என்று யோசனை. பிளக் பாயின்ட் இல்லாத இடத்திலும் ஓட வேண்டும், பைக்குள் அடங்க வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது.

பார்த்து வைத்திருப்பவை இரண்டு: பழைய கோர்க் வோல்கா பீட்ஸ் (அடாப்டர் கிடையாது), புதிய டீனேஜ் இன்ஜினியரிங் பிஓ-12.

கையில் ஏற்கெனவே இருப்பவை: சிங்க் வசதி (வேறு கருவியின் வேகத்தோடு தானே இணைவது) இல்லாத சாதாரண லூப்பர் பெடல் (வாசித்ததைப் பிடித்து மறுபடி மறுபடி ஓட்டும் கால் பெட்டி), இரண்டு இன்புட் உள்ள பேட்டரி ஸ்பீக்கர். பாட்டுகளில் பாதி 4/4, பாதி 6/8. 6/8 பாட்டுக்கு வேகம் நிமிடத்துக்கு 72, அதாவது பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) இரண்டு பெரிய அடி என்ற கணக்கில்.

இந்தப் பெட்டிகளில் 6/8 வருமா? லூப்பரோடு ஒட்டுமா? இல்லை, போனில் ஒரு ஆப் போட்டாலே போதுமா?

கைத்தாளம்:
முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன இரண்டுமே உட்கார்ந்து கையால் தட்டித் தட்டி பீட் கட்டுகிறவர்களுக்காகச் செய்தவை. ஸ்டார்ட், பேட்டர்ன் (சுற்றிச் சுற்றி ஓடும் தாளத் துண்டு) மாற்றுவது, ஃபில் (இடையில் வரும் சின்ன உருட்டு) எல்லாமே விரல் வேலை. உங்கள் இரண்டு கையும் கிட்டாரில் இருக்கும். பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும்போது யார் பட்டனை அழுத்துவது? சத்தம் நன்றாக இருக்கிறதா என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

இப்போது 6/8. வோல்கா பீட்ஸில் ஆக்டிவ் ஸ்டெப் என்று ஒரு வசதி உண்டு. ஒரு பேட்டர்ன் 16 ஸ்டெப், அதாவது 16 சிறு கட்டம். அவற்றில் வேண்டாதவற்றை அணைத்துவிட்டால், கட்டங்களை வரிசையாக வாசிக்கும் சீக்குவென்சர் அவற்றைத் தாண்டிப் போய்விடும். 13 முதல் 16 வரை அணையுங்கள், 12 ஸ்டெப் மிஞ்சும், அது ஒரு 6/8 பார். கிக் (கனத்த அடி ட்ரம்) 1-ல், ஸ்நேர் (சுள்ளென்று விழும் ட்ரம்) 7-ல், ஹை-ஹாட் (ஜோடித் தட்டு) 1, 3, 5, 7, 9, 11-ல். அடுத்த பாருக்கு ஒரு தள்ளு வேண்டுமென்றால் 11-ல் இன்னொரு கிக்.

வேகத்தில்தான் பலர் சறுக்குவார்கள். பெட்டியின் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது) 4 ஸ்டெப்பை ஓர் அடியாக எண்ணுகிறது. உங்கள் பெரிய அடியோ 6 ஸ்டெப் நீளம். ஆகவே 72-ஐ அப்படியே வைத்தால் பாட்டு இழுத்துக்கொண்டு போகும். 72 × 6 ÷ 4 = 108. பெட்டியில் 108 வைக்க வேண்டும்.

பிஓ-12-ல் பேட்டர்ன் நீளம் 16-ஐ விட்டு அசையாது. ஆனாலும் வழி இருக்கிறது: மூன்று பேட்டர்னைக் கோத்தால் 48 ஸ்டெப், அது சரியாக நான்கு 6/8 பார். முதல் பார் முதல் பேட்டர்னின் 1-ல் தொடங்கும். இரண்டாவது அதே பேட்டர்னின் 13-ல், மூன்றாவது இரண்டாம் பேட்டர்னின் 9-ல், நான்காவது மூன்றாம் பேட்டர்னின் 5-ல். ஒரு தடவை தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டால் சரியாக வரும். மேடையில் நின்றுகொண்டு திருத்த மட்டும் நினைக்காதீர்கள்.

மெட்ரோநோம்மணி:
கைத்தாளம் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வோல்கா பீட்ஸில் ஸ்விங் (அடிகளை லேசாகத் தள்ளித் துள்ளல் தருவது) கிடையாது, தனித்தனி ஸ்டெப்புக்கு அழுத்தமும் கிடையாது. ஹை-ஹாட் எல்லா அடியும் ஒரே பலத்தில் விழும். எலக்ட்ரானிக் பாட்டுக்கு அதுவே அழகு. அகூஸ்டிக் கிட்டாருக்குப் பின்னால் கேட்டால் தையல் மெஷின் ஓடுவது போல இருக்கும். ஒரு சமாளிப்பு: 4/4-ல் எட்டு ஹாட் போடாமல் நான்கு மட்டும் போட்டு, நடு இடங்களைக் கிட்டாரின் ஸ்ட்ரம்மிங்குக்கு விட்டுவிடுங்கள்.

ஸ்நேர் மெலிந்த சத்தம், இது பலரும் சொல்லும் குறைதான். ஸ்நேர் விழும் அதே ஸ்டெப்பில் க்ளாப்பையும் (கைத்தட்டல் சத்தம்) போட்டு, அது ஓடும் வேகமான பிசிஎம் ஸ்பீடைக் கொஞ்சம் குறைத்தால் சதை பிடிக்கும். நினைவகம் 8 பேட்டர்ன்தான், பாட்டு முழுதையும் வரிசையாகக் கோக்கும் சாங் மோட் இல்லை. பாட்டுக்கு இரண்டு பேட்டர்ன் என்றால் நான்கு பாட்டோடு இடம் தீர்ந்தது.

பிஓ-12-ல் 16 பேட்டர்ன், ஸ்விங்கும் உண்டு. பிபிஎம் பட்டனைப் பிடித்துக்கொண்டு 1 முதல் 16 வரை ஏதாவது ஒன்றை அழுத்தினால் மொத்த சத்த அளவு மாறும். இது தெரியாமல் சத்தம் போதவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உறை இல்லாத வெறும் சர்க்யூட் போர்டு என்பதால் பைக்குள் சாவியோடும் சில்லறையோடும் போடாதீர்கள்.

செம்புக்கம்பி:
லூப்பர் கேள்விக்கு: சிங்க் இல்லாத லூப்பரும் தனியாக ஓடும் ட்ரம் மெஷினும் சேர்ந்தே போகாது. கணக்குப் பாருங்கள். 100 பிபிஎம்மில் 8 பார் லூப் 19.2 வினாடி. காலால் மூடும்போது 20 மில்லிசெகண்ட் தவறினால் அது மிக நல்ல கால். ஆனால் அந்த 20 ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போகும். மூன்றாவது சுற்றில் 60, கிக் இரட்டையாகக் கேட்க ஆரம்பிக்கும். எட்டாவது சுற்றில் 160. ஒரு ஸ்டெப்பே 150 மில்லிசெகண்ட்தான். லூப் முழுசாக ஒரு ஸ்டெப் தள்ளிப் போய்விட்டது.

வோல்காவின் சிங்க் அவுட்டை லூப்பரில் செருகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். முடியாது. அதிலிருந்து வருவது இரண்டு ஸ்டெப்புக்கு ஒரு மின்துடிப்பு, அவ்வளவுதான். சிங்க் உள்ள லூப்பர்கள் பெரும்பாலும் மிடி கிளாக் (இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் டிஜிட்டல் வேகக் குறிப்பு) கேட்கும், அது ஓர் அடிக்கு, அதாவது 4 ஸ்டெப்புக்கு, 24 துடிப்பு. வோல்கா பீட்ஸில் மிடி இன் மட்டும் உண்டு, அவுட் கிடையாது.

ஒரே வழி, ட்ரம் மெஷினையும் லூப்பரின் இன்புட்டுக்குள் விட்டு, தாளத்தையே லூப்பாகப் பிடித்துவிட்டுப் பெட்டியை நிறுத்துவது. பிடித்த லூப் தனக்குத் தானே விலகாது. அப்படித்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் ட்ரம் மெஷினே எதற்கு? ரிதம் உள்ளேயே வைத்து வரும் லூப்பர், பாஸ் ஆர்சி-5 போல ஒன்று, ஒரே பெட்டியில் வேலையை முடித்துவிடும். இருக்கும் லூப்பரை விற்று மாற்றிக்கொள்ளலாம்.

ஆறாம்கம்பி:
நன்றி. ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய ட்ரம் மெஷினை இன்று ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன், ஒரே குழப்பம். ஹெட்போனில் கிக் நெஞ்சில் இடிக்கிறது. ஸ்பீக்கரில் செருகினால் ஏதோ பக்கத்து வீட்டில் அடிப்பது போல மெலிசாக வருகிறது. வால்யூம் முழுக்க வைத்தும் அப்படித்தான். ஸ்பீக்கர் போதவில்லையா? கேபிள் புதியது: ஒரு முனை 3.5 மி.மீ. ஸ்டீரியோ, மறுமுனை 6.35 மி.மீ.

செம்புக்கம்பி:
6.35 முனையில் கறுப்பு வளையம் எத்தனை என்று பாருங்கள். ஒன்றா, இரண்டா?

ஆறாம்கம்பி:
இரண்டு. இன்னொன்று கவனித்தேன்: ஜாக்கைப் பாதி வெளியே இழுத்தால் திடீரென்று முழுச் சத்தம் வருகிறது!

செம்புக்கம்பி:
அப்படியானால் ஸ்பீக்கரில் குறை இல்லை, கேபிளில்தான்.

இரண்டு வளையம் என்றால் அது ஸ்டீரியோ ஜாக். உங்கள் ஸ்பீக்கரின் இன்புட் பேலன்ஸ்டு. அது ஜாக்கின் நுனியில் வரும் சிக்னலிலிருந்து நடு வளையத்தில் வரும் சிக்னலைக் கழித்து, மிச்சத்தைத்தான் பெருக்கும். ட்ரம் மெஷினின் ஹெட்போன் அவுட் இடது, வலது இரண்டிலும் ஒரே சத்தத்தை அனுப்புகிறது. ஒன்றிலிருந்து அதையே கழித்தால் பூஜ்யம். இரண்டு பக்கமும் துளி வேறுபடுகிற அளவுக்குத்தான் அந்த மெலிசான சத்தம். பாதி இழுத்தால் ஸ்பீக்கரின் நுனித் தொடர்பு உங்கள் ஜாக்கின் நடு வளையத்தைத் தொடுகிறது, ஒரு பக்கம் மட்டும் போகிறது, கழித்தல் நின்றுவிடுகிறது.

அதற்காகப் பாதி செருகியே வைத்துவிடாதீர்கள், ஆடினால் வெடிச்சத்தம் வரும். வாங்க வேண்டியது ஒய் கேபிள்: ஒரு பக்கம் 3.5 ஸ்டீரியோ, மறுபக்கம் இரண்டு 6.35 மோனோ, ஒவ்வொன்றிலும் ஒரே வளையம். அதில் ஒன்றை மட்டும் செருகினால் போதும், மற்றதன் உலோகம் எதிலும் படாமல் டேப் சுற்றி விடுங்கள். உங்களிடம் இருப்பதே இரண்டு இன்புட், குரலும் கிட்டாரும் அவற்றைப் பிடித்துக்கொண்டால் மூன்றாவதுக்கு இடம் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ் இன் (போன் போன்றவற்றைச் செருகும் துளை) தனியாக இருந்தால் அதுவே நல்லது. அது ஸ்டீரியோவை எதிர்பார்த்துச் செய்தது.

பிஓ-12-க்கு ஒரு தனி எச்சரிக்கை. சில சிங்க் மோடுகளில் வைத்தால் ஒரு பக்கம் சத்தமும் மறுபக்கம் சிங்க் துடிப்பும் போகும். ஸ்பீக்கரில் டிக் டிக் என்று கேட்டால் அது பழுதல்ல, சிங்க் மோடிலிருந்து வெளியே வந்தால் நின்றுவிடும்.

கிட்டார் ஆம்பில் போடும் எண்ணம் இருந்தால் வேண்டாம். கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று விழுந்துவிடும். ஹை-ஹாட்டின் உயிரே அதற்கு மேல்தான். சின்ன ஸ்பீக்கர் எதுவானாலும் கிக் பிட்ச்சைக் கொஞ்சம் ஏற்றி, க்ளிக்கைக் கூட்டுங்கள். அடி அதிர்வை அது எப்படியும் தரப் போவதில்லை, நுனி அடியாவது கேட்கட்டும்.

பழையசாமான்:
பழைய வோல்காவை நேரில் பார்க்கப் போனால் ஆறு புதிய ஏஏ பேட்டரியும் ஹெட்போனும் எடுத்துப் போங்கள். வோல்கா பீட்ஸ் 2013-ல் வந்தது, நீங்கள் பார்ப்பது பத்து வயது தாண்டியதாகவே இருக்கலாம்.

பேட்டரி மூடியைத் திறந்ததும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். வெள்ளைப் பொடி அல்லது பச்சைப் பூப்பு இருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. லேசாக இருந்தால் வினிகர் தொட்ட பட்ஸால் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தால் போய்விடும். ஸ்பிரிங் அரித்து மெலிந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

பிறகு 16 ஸ்டெப்பையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எரிய விட்டு அணையுங்கள். அவை அழுத்தும் பட்டன் அல்ல, தொடு தகடு. ஏதாவது ஒன்று இரண்டு தடவை தொட்டால்தான் எழுகிறது என்றால் அது மேடையில் எழாது. குமிழ் எல்லாவற்றையும் தாளம் ஓடும்போதே மெதுவாகத் திருப்புங்கள், கரகரப்போ தாவலோ வரக் கூடாது. ஹெட்போன் ஜாக்கை விரலால் லேசாக அசைத்தால் ஒரு பக்கம் போய்ப்போய் வருகிறதா என்று கேளுங்கள், நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். கடைசியாக ஒரு பேட்டர்னை ரைட் செய்து (சேமித்து), அணைத்து, பேட்டரியைக் கழற்றி மறுபடி போட்டு, அது இருக்கிறதா பாருங்கள். ரைட் செய்யாமல் வேறு பேட்டர்னுக்குத் தாவினால் செய்தது போய்விடும், அது பழுது அல்ல.

அடாப்டர் இல்லை என்றீர்கள். கிட்டார் பெடல் அடாப்டரும் 9 வோல்ட்தானே என்று எடுத்துச் செருகாதீர்கள். பெடலுக்கு நடு முனை மைனஸ், வோல்காவுக்கு நடு முனை பிளஸ். ரீசார்ஜ் பேட்டரி போடலாம், ஆனால் ஒன்றுக்கு 1.2 வோல்ட், ஆறு சேர்ந்தால் 7.2. பேட்டரி வகையை செட்டிங்கில் மாற்றாவிட்டால் அளவு காட்டுவது தப்பாக இருக்கும்.

கைத்தாளம்:
போன் ஆப் பற்றி யாரும் பேசவில்லை. கேபிளில் இணைத்தால் நன்றாகவே வேலை செய்யும். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், இல்லையென்றால் பாதிப் பாட்டில் அழைப்பு வரும். புளூடூத் ஸ்பீக்கரில் தாமதம் இருக்கும் என்று பயமுறுத்துவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் தாளத்தோடு சேர்ந்து வாசிக்க அது பாதகமே இல்லை, தாமதம் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவுதான். திரையில் விரலால் தட்டி வாசிக்கப் பார்த்தால்தான் சிக்கல்.

வாங்கும் முன் அந்த ஆப்பிலேயே சோதித்துவிடுங்கள். 16 ஸ்டெப், பாட்டுக்கு இரண்டே பேட்டர்ன், ஸ்விங் இல்லை, அழுத்தம் இல்லை என்று நீங்களே கட்டுப்பாடு வைத்து மூன்று பாட்டு முழுதாகப் பாடுங்கள். திரையைத் தொட எத்தனை தடவை கிட்டாரை நிறுத்த வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள்.

ஆறாம்கம்பி:
எண்ணினேன். மூன்று பாட்டில் பதினொன்று. 108 கணக்கு அச்சாக வந்தது, 6/8-ல் பிரச்சினையே இல்லை. கைதான் பிரச்சினை. ஒய் கேபிள் வாங்கிவிட்டேன், கிக் கேட்கிறது. வோல்கா, பிஓ இரண்டும் வேண்டாம் என்று முடிவு. காலால் மாற்றக்கூடிய, பேட்டரியில் ஓடும் ட்ரம் மெஷின் எது?

பழையசாமான்:
அலெசிஸ் எஸ்ஆர்-16 என்று பலர் சொல்வார்கள். கால் சுவிட்சுக்கு இரண்டு ஜாக் உண்டு, பின்னணித் தாளத்துக்கென்றே செய்தது, ஆனால் பேட்டரி இடமே கிடையாது. பெஹ்ரிங்கர் ஆர்டி-6-லும் பேட்டரி இடம் இல்லை, அடாப்டர் வேண்டும். பழையதில் தேடினால் பாஸ் டிஆர்-3: ஆறு ஏஏ பேட்டரி, கால் சுவிட்ச் ஜாக், இரண்டும் உண்டு. தயாரிப்பு நின்றுவிட்டது, அதனால் மேலே சொன்ன பேட்டரி மூடி, ஜாக் சோதனை இதற்கும் பொருந்தும். சத்தம் கொஞ்சம் பழைய வாடைதான், அகூஸ்டிக் கிட்டாருக்கு அது உறுத்தாது.

கால் சுவிட்ச் வாங்கும்போது மொமென்டரி வகையா (மிதித்திருக்கும்போது மட்டும் வேலை செய்வது) என்று பார்த்து வாங்குங்கள், எஃப்எஸ்-5யு போல. எஃப்எஸ்-5எல் லாட்ச் வகை, ஒரு மிதிக்கு நிலை மாறி, அடுத்த மிதி வரை அப்படியே நிற்கும். அதைச் செருகினால் ஒரு மிதி விட்டு ஒரு மிதிக்குத்தான் பெட்டி பதில் சொல்லும்.