சி டிரைவ் சிவப்பாயிடுச்சு: கல்யாண வீடியோவை அழிக்கலாமா?

ராயபுரம் தம்பி:
வீட்டு டெஸ்க்டாப்ல 256 ஜிபி எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம். அஞ்சு நாள் முன்னாடி விண்டோஸ் 10-லேருந்து 11-க்கு மாத்தினேன். அன்னிலேருந்து சி டிரைவ் பட்டை சிவப்பு, மிச்சம் 3 ஜிபிதான். தங்கச்சி ஆரி வொர்க் எடுத்து செய்யுறா, கஸ்டமர் அனுப்புற டிசைன் எல்லாம் இதுலதான் இறங்குது. அண்ணன் கல்யாண வீடியோ மட்டும் 62 ஜிபி. எதை அழிக்கலாம்?

பெரம்பூர் வாசி:
வீடியோவை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாத்திட்டு இங்க அழிச்சிடுங்க ப்ரோ. ஒரே வேலையில 62 ஜிபி காலி. டெம்ப் ஃபைல், ரீசைக்கிள் பின்னுன்னு நாள் பூரா தேடினாலும் ரெண்டு மூணு ஜிபிதான் தேறும். அடுத்த மாசம் அதுவும் ரொம்பிடும்.

எம்கேபி நகர் வாசகி:
தம்பி, அந்த வீடியோவுக்கு வேற எங்கயாவது காப்பி இருக்கா? இல்லன்னா தொடவே தொடாதீங்க.

நானும் இடம் பத்தலன்னு பையனோட சின்ன வயசு படம் மொத்தத்தையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல போட்டு, கம்ப்யூட்டர்ல அழிச்சவதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வீட்டுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி. டிஸ்க் பீரோ அடித்தட்டுல, புடவைக்குக் கீழ இருந்தது. தண்ணி வடிஞ்சு எடுத்தப்போ கேபிள் சொருகுற வாயிலேருந்து சேறு வழிஞ்சுது. துடைச்சு, வெயில்ல காய வச்சு, ரிச்சி தெருவுல ரெண்டு கடை ஏறி இறங்கினோம். ஒரு படம் கூட வரல. மாத்தி வைக்கிறது காப்பி ஆகாது தம்பி, அப்பவும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.

இப்பதான விண்டோஸ் மாத்தினீங்க? பழைய விண்டோஸ் முழுசா ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டர்ல உட்கார்ந்திருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போய் அதை முதல்ல எடுங்க.

பெரம்பூர் வாசி:
அக்கா, உங்களுக்கு நடந்ததைப் படிக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா இந்த யோசனைய ஒத்துக்க முடியாது. அந்த ஃபோல்டர் 10 நாள்ல தானா போயிடும். இப்பவே அழிச்சா பழையபடி திரும்புற வழி அடைஞ்சிடும். ப்ரிண்டர், ஸ்கேனர் ஓடுதான்னு கூட கேக்காம அழிக்கச் சொல்லலாமா?

எம்கேபி நகர் வாசகி:
அது நியாயம், ப்ரிண்டரைப் பாத்துட்டு அழிக்கட்டும். ஆனா விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு. திரும்பிப் போற வழிய காப்பாத்தறதுக்காக கல்யாண வீடியோவை அழிக்கச் சொல்றது எனக்கு மனசு ஒப்பல.

காசிமேடு மெக்கானிக்:
ரெண்டு பேரும் இடத்தை எது தின்னுதுன்னே பாக்கலையே. ‘வின்டிர்ஸ்டாட்’னு (WinDirStat) ஒரு சாஃப்ட்வேர் போட்டுப் பாருங்க தம்பி, எந்த ஃபோல்டர் எவ்வளவுன்னு கட்டம் கட்டமா காட்டும். 256-க்கு 238 தான் தெரியும், பயப்படாதீங்க. டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1024-ஆ எண்ணுது.

‘ஹைபர்ஃபில்’னு ஒரு மறைவு ஃபைல் ரேம்ல 40 சதவீதம் அளவுக்கு இருக்கும், உங்களுக்கு 6 ஜிபி கிட்ட. ஹைபர்னேஷன்னா, திறந்திருக்கிற வேலையெல்லாம் டிஸ்க்ல எழுதி வச்சுட்டு கம்ப்யூட்டர் அணையுறது, டெஸ்க்டாப்ல அது தேவைப்படாது. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினா திறந்து அதை ஆஃப் பண்ணா அந்த ஃபைலே போயிடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் கூடவே போகும், ஆன் ஆக கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவுதான்.

விண்டோஸ் தன்னோட சிஸ்டம் ஃபைலை வச்சிருக்கிற ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ ஃபோல்டர் பெருசா தெரியுதேன்னு கையால அழிச்சிடாதீங்க. அதுல பாதி விண்டோஸோட மத்த ஃபோல்டர்ல இருக்கிற அதே ஃபைல்தான், ரெண்டு இடத்துல கணக்கு காட்டும். டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியல்ல ‘டவுன்லோட்ஸ்’னும் ஒரு கட்டம் இருக்கும். அதுல டிக் வச்சா தங்கச்சியோட டிசைன் எல்லாம் போச்சு.

ராயபுரம் தம்பி:
நல்லவேளை சொன்னீங்கண்ணே. அந்தக் கட்டத்துல டிக் வைக்கத்தான் போனேன்.

ப்ரிண்டர் ஓடுது. விண்டோஸ்.ஓல்டு 21 ஜிபி, எடுத்துட்டேன். ஹைபர்ஃபில் 6. டவுன்லோட்ஸ்ல தங்கச்சிய பக்கத்துல உட்கார வச்சு ஒவ்வொண்ணா பாத்தோம். விண்டோஸ் 11 இன்ஸ்டால் பண்ண இறக்கின ஐஎஸ்ஓ ஃபைல் 6 ஜிபி, வேலை முடிஞ்சும் கிடந்தது. ஒரே மயில் டிசைன் ஜிப், பேருக்குப் பின்னாடி 1, 2, 3-ன்னு நம்பர் போட்டு நாலு தடவை. அந்த மாதிரி இரட்டிப்பு மட்டும் 9 ஜிபி. இப்ப 45 ஜிபி காலி. வீடியோவைத் தொடல.

பெரம்பூர் வாசி:
சந்தோஷம் ப்ரோ. ரெண்டு மூணு ஜிபிதான் தேறும்னு சொன்னது என் தப்பு. ஆனா டிசைன் தினமும் வருது, 45 எத்தனை மாசம் தாங்கும்? அந்த 62 ஜிபி எஸ்எஸ்டியில இருக்கணும்னு அவசியமில்ல. ரெண்டு டிஸ்க்ல காப்பி பண்ணுங்க, பைட் கணக்கு ஒத்துப்போகுதான்னு பாருங்க, நடுவுல ஓட்டிப் பாருங்க, அப்புறம் இங்க எடுங்க. பழைய பென் டிரைவ் வேணாம், அது பெரும்பாலும் ஃபேட்32-ங்கற ஃபார்மட்ல இருக்கும், அதுல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா ஏறாது.

எம்கேபி நகர் வாசகி:
ரெண்டு காப்பி எடுத்தப்புறம்னா நானும் சரிங்கறேன். ஒண்ணு அண்ணன் வீட்ல இருக்கட்டும். உங்க வீட்ல இருக்கிறதை பரண் மேல வைங்க தம்பி, பீரோ அடியில வேணாம்.