காம்ப்ளெக்ஸ் எஞ்சினியரிங் பிராப்ளம்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

சீனப் பொறியியல் கல்விச் சீர்திருத்தம் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலே உள்ள தொடரில் வந்து நின்றுவிட்டேன். அகராதிப்படி போனால் 'சிக்கலான பொறியியல் சிக்கல்' என்று வருகிறது. சிரிக்காமல் உதவுங்கள்.

சுற்றி வளைத்து எழுதவும் முடியாது. பொறியியல் பட்டப்படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தத் தொடர்தான் அளவுகோல். சீனா அதில் 2013-இல் தற்காலிக உறுப்பினராகி, 2016-இல் முழு உறுப்பினரானது. (இந்தியாவும் இலங்கையும் 2014-லேயே முழு உறுப்பினர்கள், ஆக, இந்தச் சொல் நமக்கும் தேவை.) எஞ்சினியர் யார், டெக்னீசியன் யார் என்று பிரிப்பதே இந்தத் தொடரை வைத்துத்தான். விதிநூலைப் பார்த்து முடிக்கக்கூடிய வேலை டெக்னீசியனுடையது. நேரான விடை இல்லாதது, தேவைகள் ஒன்றோடொன்று மோதுவது, பல தரப்பினரைத் தொடுவது, ஆழ்ந்த அடிப்படை அறிவு இல்லாமல் அணுக முடியாதது எஞ்சினியருடையது.

சீனத் தர மதிப்பீட்டு விதிகளில் பட்டதாரிக்கு வேண்டிய தகுதிகளைச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் இந்தத் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அவர்கள் மொழியில் 'ஃபுட்சா கொங்செங் வென்தி'. வென்தி என்றால் பிரச்சினை. கேள்வி என்றாலும் வென்திதான். அதனால் மாணவருக்கு நீளமான கணக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, இந்தத் தகுதி 'ஆயிற்று' என்று கல்லூரிகள் சொல்ல இடம் இருக்கிறது, பாருங்கள்.

அப்படிச் சொல்லத் தோன்றுவதற்குக் காரணமும் உண்டு. 1952-இல் சோவியத் முறையில் பல்கலைக்கழகங்களைப் பிரித்து அடுக்கினார்கள். பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகம் தன் கலை, அறிவியல் துறைகளைப் பீக்கிங் பல்கலைக்கழகத்துக்கு விட்டுக்கொடுத்துப் பொறியியலோடு நின்றது. உருக்கு, விமானம், பெட்ரோலியம், நிலவியல் என்று தொழிலுக்கு ஒரு கல்லூரி. அவசரமாக ஆள் வேண்டிய காலத்தில் அது சரி. 1999-இலிருந்து சேர்க்கையை மளமளவென்று பெருக்கியபோது வகுப்பு நிறைந்தது. பயிற்சிக்கு மாணவரை ஏற்கத் தொழிற்சாலைகள் தயங்கின. ஆசிரியர்களில் பலர் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு பாடம் நடத்த வந்தவர்கள். பதவி உயர்வோ ஆய்வுக் கட்டுரைகளைப் பொறுத்தது. 2010-இன் 'சிறந்த பொறியாளர்' திட்டம் மூன்றாண்டு கல்லூரி, ஓராண்டு தொழிலகம் என்று வகுத்தது இதனால்தான். 2017-இன் 'புதிய பொறியியல்' இயக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், அதில் முழக்கம் கொஞ்சம் கூடுதல் என்றாலும்.

ஆகவே 'கடினம்' என்ற பொருள் துளியும் ஒட்டாத சொல் வேண்டும். முப்புரி நூலை நினைத்து 'பல்புரிச் சிக்கல்' என்று வைத்திருக்கிறேன்.

அன்புடன்...

---

> 'பல்புரிச் சிக்கல்' என்று வைத்திருக்கிறேன்

ஐயா, பல் மருத்துவரிடம் போக வேண்டியதுபோல ஒலிக்கிறது. காம்ப்ளெக்ஸ் நம்பருக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் கலப்பெண் என்று இருக்கிறதே, அந்த வழியில் 'கலப்புச் சிக்கல்' ஆகாதா? எங்கள் இலங்கை வழக்கில் அது சிக்கலெண். அந்த வழியில் போனால் மறுபடி சிக்கலான சிக்கல்தான்!

---

பல்லை எடுத்துவிட்டேன்.

கலப்பு வேண்டாம். இயந்திரவியலும் மின்னியலும் சேர்ந்தது என்று படித்துவிடுவார்கள். ஆற்றுப்பாலம் முழுக்கக் கட்டுமானத் துறை வேலை. ஆனாலும் வெள்ளம், செலவு, படகு போகும் உயரம், நிலம் இழப்பவர்கள் என்று ஒன்றை இழுத்தால் இன்னொன்று அசைகிறது. துறை ஒன்று, பின்னல் பல.

அதனால் 'பின்னற்சிக்கல்' என்று போடுகிறேன். பிரச்சினை என்ற சொல்லைக் கேட்கும் நண்பர்கள் மன்னிக்கவும். 'பின்னற்பிரச்சினை' நாக்கில் தட்டுகிறது. டெக்னீசியனுக்கு உரியது 'வரையறுத்த சிக்கல்'. இரண்டுக்கும் நடுவே டெக்னாலஜிஸ்டுக்கு என்று சிட்னி உடன்படிக்கை ஒரு படி வைத்திருக்கிறது: 'பிராட்லி டிஃபைன்டு'. 'அகல வரையறுத்த' என்று எழுதிப் பார்த்தேன், துணி அளப்பதுபோல இருக்கிறது. அதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள்.