மொரிஸ் மைனரில் வயர்க்கட்டை மாற்றிய பின் டேஷ்போர்டில் புகை: அவசர உதவி தேவை

மஸ்கெலியா மொரிஸ் (திங்கள், இரவு 9.50)

அனைவருக்கும் வணக்கம். எனது பழைய காரின் வயர்க்கட்டை (வண்டி முழுவதும் ஓடும் வயர்த் தொகுப்பை) முழுவதுமாகக் கழற்றி, எலி கடித்த இடங்களையும் துணிச்சுற்று உதிர்ந்த இடங்களையும் புதிய வயரால் சரிசெய்து, மூன்று வாரங்களுக்குப் பின் நேற்றுத்தான் மீண்டும் பொருத்தினேன். இப்போது முன்விளக்குகள் மங்கலாக எரிகின்றன. பிரேக்கை மிதித்தால் பின்விளக்குகள் இன்னும் மங்குகின்றன. ஸ்டாட்டரை இழுத்தால் எஞ்சின் சோம்பலாகச் சுற்றுகிறது. டேஷ்போர்டின் பின்னாலிருந்து புகையும் வருகிறது. பியூஸ் ஒன்றும் போகவில்லை. வண்டிக்கு ஆண்டுதோறும் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் வெள்ளிக்கிழமையுடன் முடிவதால், அதற்குள் புகைப் பரிசோதனைக்கு வண்டியை ஹற்றனுக்குக் கொண்டுபோயாக வேண்டும். எந்த வயரை மாற்றிப் பூட்டியிருப்பேன் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கம்பளை வயர்மன் (திங்கள், இரவு 10.15)

புகைப் பரிசோதனையை நீங்கள் வீட்டிலேயே முடித்துவிட்டீர்கள் போலிருக்கிறது, தம்பி. வேறு எதையும் செய்வதற்கு முன் பற்றரியின் ஒரு முனையைக் கழற்றி வையுங்கள். பிறகு இவற்றுக்குப் பதில் எழுதுங்கள்: வண்டி எந்த ஆண்டுடையது, மின்சாரம் தருவது பழைய டைனமோவா புதிய வகை ஆல்டர்னேற்றரா, பற்றரியின் எந்த முனை உடலோடு பூட்டியிருக்கிறது, வயர்க்கட்டு எஞ்சின் அறையிலிருந்து உள்ளே நுழையும் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா? என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு வண்டிகளில் அந்த வளையத்தை மறந்துவிட்டுத் தகட்டின் விளிம்பில் வயரை உரசவிட்டிருப்பார்கள். உங்களுடையதும் அதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஐம்பத்தாறு மாடல் (திங்கள், இரவு 10.40)

"பழைய கார்" என்பது ஒரு மாடலின் பெயர் அன்று. தலைப்பைப் பார்த்து மொரிஸ் மைனர் என்று நாங்களே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பியூஸ் போகவில்லை என்று எழுதியிருப்பதிலிருந்தே வயரிங் படத்தை நீங்கள் ஒருமுறையேனும் பார்க்கவில்லை என்பது தெரிகிறது. மைனரில் இருப்பவை 35 அம்பியர் பியூஸ்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று ஹோர்னுக்கும் உள்விளக்குக்கும் உரியது. மற்றது சுவிட்ச் போட்ட பின் வேலை செய்யும் வைப்பர், பிரேக் விளக்கு, பெற்றோல் மானி ஆகியவற்றுக்கு உரியது. முன்விளக்கும் ஸ்டாட்டரும் பியூஸ் வழியாகச் செல்வதே இல்லை. ஆகையால் உங்கள் வண்டி முழுவதும் எரிந்து சாம்பலானாலும் அந்த இரண்டு பியூஸ்களும் நலமாகவே இருக்கும்.

தியத்தலாவைத் தம்பி (செவ்வாய், காலை 6.20)

ஐயா சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் இந்தக் குளிரிலும் மூடுபனியிலும் பகலிலேயே விளக்குப் போட்டு ஓட வேண்டிய நமக்கு, அந்தக் காலத்து டைனமோ போதவே போதாது. அதைக் கழற்றிவிட்டு ஒரு ஜப்பானிய ஆல்டர்னேற்றரைப் பூட்டுங்கள், விளக்கு மங்குவது அன்றோடு தீரும். நான் கொழும்பில், பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழையது ஒன்றை வாங்கிப் பூட்டி இரண்டு ஆண்டுகளாக நிம்மதியாக ஓடுகிறேன்.

ஐம்பத்தாறு மாடல் (செவ்வாய், காலை 7.05)

கணக்குப் பார்க்காமல் பேசக் கூடாது, தம்பி. முன்விளக்கு ஒன்றுக்கு 45 வாற் வீதம் 90. சிறு விளக்குகள் நான்குக்கும் சேர்த்து மேலும் 24. ஆக 114 வாற். அதை 12 வோல்ற்றால் வகுத்தால் ஒன்பதரை அம்பியர் வருகிறது. தீப்பொறிக்கான கொயிலுக்கு மூன்று நான்கு சேர்த்தாலும் பதினான்கைத் தாண்டாது. இந்த வண்டிகளின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தின் சி40 டைனமோ 22 அம்பியர் கொடுக்கும். அதற்கு முந்திய சி39கூட 19 கொடுக்கும். ரம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது டைனமோ நன்றாகவே சுற்றும். நானுஓயாவில் வாகன வரிசையில் நின்றுகொண்டு விளக்கை எரியவிட்டால் மட்டுமே அது குறைப்படும்.

மஸ்கெலியா மொரிஸ் (செவ்வாய், மதியம் 12.30)

மன்னிக்க வேண்டும், அவசரத்தில் எழுதிவிட்டேன். மைனர் 1000, 1959ஆம் ஆண்டு, 948 சிசி. தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த தாத்தாவுக்கு, ஊருக்குப் புறப்பட்ட துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன வண்டி. டைனமோ இருக்கிறது. பற்றரி புதிது, பழையதன் பிளஸ் முனை உடலோடு பூட்டியிருந்ததால் அப்படியே பூட்டினேன். ரப்பர் வளையமும் புதிதாகப் போட்டிருக்கிறேன். கடையில் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் ஆகிய மூன்று நிறங்களே கிடைத்ததால் பெரும்பாலும் சிவப்பையே பயன்படுத்தினேன். கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்ததால் மாற்றிப் பூட்டியிருக்க வாய்ப்புக் குறைவு என்றே நினைத்திருந்தேன்.

ஐம்பத்தாறு மாடல் (செவ்வாய், மதியம் 1.10)

பெரும்பாலும் சிவப்பு! இதைப் படித்ததும் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். லூகாஸ் நிற முறை அழகுக்காக வைக்கப்பட்டதன்று. கபிலம் பற்றரியிலிருந்து நேரே வருவது, எப்போதும் உயிருள்ளது. வெள்ளை சுவிட்சுக்குப் பின்னால் வருவது. அந்த வெள்ளை பியூஸைக் கடந்ததும் பச்சையாகிறது. கபிலம் பியூஸைக் கடந்ததும் ஊதாவாகிறது. நீலம் முன்விளக்குக்கு உரியது. அதில் வெள்ளைக் கோடிருந்தால் உயர்ஒளி, சிவப்புக் கோடிருந்தால் தாழ்ஒளி. தனிச் சிவப்பு சிறு விளக்குகளுக்கும் பின்விளக்குகளுக்கும் உரியது. கறுப்பு எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உடல் வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் வழி. இந்த ஒரு பத்தியை மனத்தில் வைத்திருப்பவன் இருட்டில் கைவிளக்கோடு எந்த ஆங்கிலேய வண்டியையும் திறந்து பார்க்கலாம். எல்லாம் சிவப்பாக இருக்கும் வண்டியை, அதைக் கட்டியவரே ஆறு மாதத்துக்குப் பின் திறக்க மாட்டார்.

வயரின் பருமனையும் நீங்கள் எழுதவில்லை. பற்றரியிலிருந்து வரும் கபிலத்துக்கு 3 சதுர மில்லிமீற்றர் வேண்டும். முன்விளக்குச் சுவிட்சுக்குச் செல்வதற்கு 2 ஆவது வேண்டும். சிறு விளக்குகளுக்கு 1 போதும். வீட்டுச் சுவரில் பதிக்கும் ஒற்றைக் கம்பி வயரைப் போட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கம்பளை வயர்மன் (செவ்வாய், மாலை 5.45)

நிறத்தைப் பற்றி ஐயா சொன்னது முழுவதும் உண்மை. ஆயினும் வசதியில்லாத இடத்தில் ஒவ்வொரு முனையிலும் எண் எழுதிய சிறு குழாயைக் கோத்துவிட்டால் சிவப்பும் சமாளிக்கும். எனக்கு இப்போது சந்தேகம் இணைப்புகளின் மேல்தான். வயரின் நுனியில் மாட்டும் புல்லட் முனைகளை ஈயம் உருக்கி வைத்துப் பூட்டினீர்களா, அல்லது இடுக்கியால் நசுக்கினீர்களா? ஈயம் வைக்காத முனைக்குள் நம்முடைய ஈரக்காற்று புகுந்து இரண்டு மழைக்காலத்தில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். நான் முப்பது ஆண்டுகளாக ஈயம் வைத்தே பூட்டுகிறேன், ஒன்றும் திரும்பி வந்ததில்லை.

ஐம்பத்தாறு மாடல் (செவ்வாய், மாலை 6.20)

ஈயம் உருகி வயரின் இழைகளுக்குள் ஏறி அந்தப் பகுதியை விறைக்க வைக்கிறது. ஈயம் முடிகிற இடத்தில், தோட்டத்து வழிகளின் குலுக்கலில், இழை இழையாக முறிகிறது. சரியான இடுக்கியால் சரியாக நசுக்கிய முனைக்குள் காற்றுப் புக இடமே இல்லை.

கம்பளை வயர்மன் (செவ்வாய், மாலை 6.40)

சரியான இடுக்கி எத்தனை பேரிடம் இருக்கிறது, ஐயா? பெரும்பாலானோர் பிளாயரால் கடித்துவிட்டு நசுக்கினேன் என்கிறார்கள். முறிவதைத் தடுக்க, முனையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி வயரைக் கட்டி ஆடாமல் வைத்தால் போதும். ஈயத்தோடு அமிலப் பசையைப் பயன்படுத்துவதுதான் பெரும் பிழை. அது உள்ளேயே இருந்து செம்பை அரித்துவிடும். குங்கிலியப் பசை உள்ள மின்வேலை ஈயமே வேண்டும்.

தியத்தலாவைத் தம்பி (செவ்வாய், இரவு 8.00)

ஆல்டர்னேற்றர் வேண்டாமென்றால் வேண்டாம். குறைந்தது மைனஸ் எர்த்துக்காவது மாற்றிவிடுங்கள். இன்றைய வானொலியும் கைபேசிச் சார்ஜரும் அதற்குத்தான் பொருந்தும்.

ஐம்பத்தாறு மாடல் (செவ்வாய், இரவு 8.25)

புகை வந்துகொண்டிருக்கும் வண்டியில் முனை மாற்றச் சொல்வது, காய்ச்சல்காரனை முடிவெட்டிக்கொள்ளச் சொல்வதைப் போன்றது. மாற்றுவதென்றால் பற்றரியைத் திருப்புவது மட்டும் போதாது. கொயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும், டைனமோவின் எஃப் முனையில் பற்றரியின் உயிர்முனையை ஒரு கணம் தொட்டு அதன் காந்தத்தைத் திருப்ப வேண்டும், எஸ்யூ பெற்றோல் பம்பிற்குள் யாராவது டையோடு வைத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். இவ்வளவையும் ஒரு சார்ஜருக்காகச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

ஊவாக் காற்று (புதன், காலை 5.50)

இந்த உரையாடல் இழையை முழுவதும் படித்தேன். ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: புகை டேஷ்போர்டின் பின்னால் சரியாக எந்த இடத்திலிருந்து வருகிறது? ஸ்டாட்டரை இழுக்கும்போது மட்டுமா, விளக்குப் போடும்போதுமா? அதோடு இன்னொன்று. மூன்று வாரம் வயர்க்கட்டு வெளியே இருந்த நேரத்தில், வேறு ஏதாவது வேலை செய்தீர்களா?

மஸ்கெலியா மொரிஸ் (புதன், மதியம் 12.40)

ஸ்டாட்டரை இழுக்கும்போது மட்டும்தான், ஐயா. நீங்கள் கேட்ட பின் பார்த்தேன். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் குமிழைத் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. அதன் கேபிளின் மேலுறைதான் புகைகிறது. வயரிங்கோடு அதற்குத் தொடர்பில்லை என்று எண்ணி எழுதாமல் விட்டேன். வயர்க்கட்டு இல்லாத நேரத்தில் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இறக்கி, எஞ்சின் அறை முழுவதற்கும் பெயின்ற் அடித்தோம். மட்காட்டுகளையும் கழற்றி அடித்தோம். இதுவும் தேவையான தகவலா?

ஊவாக் காற்று (புதன், மாலை 4.30)

தேவையான தகவல் அது ஒன்றுதான். உங்கள் வயர்க்கட்டில் பெரும்பாலும் பிழையே இல்லை; மின்சாரம் போவதற்கு வழி செய்திருக்கிறீர்கள், திரும்பி வருவதற்கு வழி செய்யவில்லை.

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் உடலோடு இணைக்க, கியர்ப்பெட்டியின் கீழே பின்னலாக நெய்த செப்புப் பட்டை ஒன்று இருக்கும். அதை மீண்டும் பூட்டாமல் விட்டாலோ, பெயின்றின் மேல் பூட்டினாலோ, ஸ்டாட்டர் இழுக்கும் நூறு அம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையில் வேறு எந்த உலோகம் தொடர்கிறதோ அதைத் தேடிப் போகும். உங்கள் வண்டியில் காபுரேற்றரிலிருந்து டேஷ்போர்ட் வரை செல்லும் சோக் கேபிள்தான் அந்த உலோகம். மெல்லிய எஃகுச் சுருளில் அவ்வளவு மின்சாரம் போனால் அது அடுப்புக் கம்பியாகிவிடும். அக்சிலேற்றர் கேபிளையும் தொட்டுப் பாருங்கள்.

ஐந்து நிமிடத்தில் உறுதிசெய்யலாம். சோக் குமிழை யாரும் தொடாமல், ஒரு தடித்த ஜம்பர் வயரின் ஒரு முனையை எஞ்சினின் பெயின்ற் இல்லாத போல்ட் ஒன்றிலும், மற்றதைப் பற்றரியின் பிளஸ் முனையிலும் மாட்டி ஸ்டாட்டரை இழுங்கள். உங்களுக்குப் பிளஸ்தான் எர்த் என்பதை மறந்து மைனஸில் மாட்டிவிடாதீர்கள். எஞ்சின் துள்ளிச் சுற்றினால் நோய் தெரிந்துவிட்டது. மீற்றர் இருந்தால் 20 வோல்ற் அளவில் வைத்து அதே இரண்டு இடங்களைத் தொட்டு, ஜம்பர் இல்லாமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நல்ல வண்டியில் அரை வோல்ற்றுக்குள் காட்டும். உங்களுடையது அதைப் பல மடங்கு தாண்டும்.

முன்விளக்குகளுக்கு வருவோம். அவற்றின் கறுப்பு வயர்கள் முன்பகுதித் தகட்டில் திருகப்படும் இடங்களிலும் இப்போது புதுப் பெயின்ற் இருக்கிறது. பெயின்ற் ஒரு நல்ல காப்புப் பொருள். திருகின் கீழே ஓர் ஐந்து ரூபாய்க் காசளவு இடத்தைத் தகடு பளபளக்கும்வரை சுரண்டி, பற்களுள்ள வொஷர் வைத்து இறுக்கி, அதன் பின் மேலே வாஸ்லின் பூசுங்கள். முதலில் பூசிவிட்டுப் பிறகு இறுக்காதீர்கள். பின்விளக்கிலும் இதே கதைதான். பிரேக் இழையும் சிறு விளக்கு இழையும் ஒரே பல்புக்குள் இருந்து ஒரே எர்த்தைப் பகிர்கின்றன. அந்த எர்த் போதாமல் இருந்தால் பிரேக்கை மிதிக்கும்போது இரண்டும் சண்டையிட்டு இரண்டும் மங்கும்.

டைனமோவின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கட்அவுட் பெட்டியின் ஈ முனையில் உள்ள கறுப்பு வயரையும் விட்டுவிடாதீர்கள். அதன் எர்த் சரியில்லாவிட்டால் மின்னழுத்தக் கட்டுப்பாடு தடுமாறிப் புதுப் பற்றரி கெட்டுவிடும்.

கம்பளை வயர்மன் (புதன், மாலை 5.10)

ரப்பர் வளையத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஈயத்தை அல்ல.

ஐம்பத்தாறு மாடல் (புதன், மாலை 5.35)

சோக் கேபிள் சுடுகிறது என்று முதற்பதிவில் ஒரு வரி இருந்திருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். எர்த் சரியானாலும் சூடேறி உறை உருகிய அந்தக் கேபிளை மாற்றிவிடுங்கள். எஃகு பதம் இழந்திருக்கும், இழுத்த சோக் திரும்பாமல் நின்றுவிடும். வயர்க்கட்டின் மேல் கறுப்பு ஒட்டு நாடா சுற்றியிருந்தால் அதையும் எடுங்கள். எஞ்சின் சூட்டில் அதன் பசை கசிந்து ஒழுகும். ஒட்டாத நாடாவையோ பழையபடி துணி நாடாவையோ சுற்றுவதே முறை.

தியத்தலாவைத் தம்பி (வியாழன், இரவு 9.15)

என்ன ஆயிற்று? வண்டி ஓடுகிறதா?

கம்பளை வயர்மன் (வெள்ளி, காலை 8.30)

காரியம் முடிந்தால் ஆள் வரமாட்டார், முடியாவிட்டால் நள்ளிரவிலேயே வந்திருப்பார். ஆகையால் நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்வோம்.

மஸ்கெலியா மொரிஸ் (வெள்ளி, இரவு 10.05)

ஹற்றனிலிருந்து இப்போதுதான் வந்தேன். செப்புப் பட்டை, கழற்றிய ஆணிகளோடு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. ஜம்பர் போட்டதும் எஞ்சின் துள்ளிச் சுற்றியது. பட்டையைப் பூட்டி ஐந்து இடங்களில் பெயின்றைச் சுரண்டினேன். விளக்குகள் நன்றாக எரிகின்றன, பரிசோதனையிலும் தேறிவிட்டது. எல்லோருக்கும் நன்றி. ஸ்டியரிங்கை முழுவதுமாக இடப்பக்கம் திருப்பும்போது மட்டும் ஹோர்ன் தானாக அடிக்கிறது. அது முன்பும் இருந்ததா என்று நினைவில்லை.

ஐம்பத்தாறு மாடல் (வெள்ளி, இரவு 10.20)

ஹோர்ன் பொத்தான் எர்த் கொடுத்துத்தான் அடிக்கிறது. அதற்குச் செல்லும் வயர் ஸ்டியரிங் தண்டில் எங்கோ உரசி, பொத்தானின் வேலையைத் தானே செய்கிறது. தண்டின் அடியில் வெளியே வரும் வயரைப் பிரித்துப் பாருங்கள். கபிலத்தில் கறுப்புக் கோடு இருக்கும்.

கம்பளை வயர்மன் (வெள்ளி, இரவு 10.25)

இந்த வண்டியில் சிவப்பாக இருக்கும், ஐயா.