சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டில் உங்களுக்கு என்ன நடந்தது?

குன்னூர்க்காரி:
சிங்கப்பூரில் அக்கா வீட்டிலிருந்து அம்மாவோடு கோயம்புத்தூர் திரும்பிய ராத்திரி. இன்னும் மனசு ஆறவில்லை. சாங்கியில் 1, 2, 3 டெர்மினல்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் கேட்டிலேயேதான், உங்களுக்கே தெரியும். நான்தான் இமிகிரேஷன் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று கடை கடையாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். கேட்டில் அம்மா கைப்பையிலிருந்து 200 மில்லி தைல பாட்டில் வெளியே வருகிறது. போகும்போது பெட்டியில் போட்டது, வரும்போது முட்டிவலிக்கென்று கையோடு வைத்துக்கொண்டிருக்கிறார். அடியில் ஒரு விரற்கடைதான் மிச்சம். "உள்ளே எவ்வளவு இருக்குன்னு பார்க்க மாட்டோம்மா, பாட்டிலே 100 மில்லிக்கு மேல இருக்கக் கூடாது" என்று அங்கிருந்த தமிழ்ப் பெண் தன்மையாகத்தான் சொன்னார். அம்மா ஒன்றும் பேசவில்லை. மூடியைத் திறந்து, சேலைக்கு மேலேயே இரண்டு முட்டியிலும் தேய்த்து, மிச்சத்தைக் கைக்குட்டையில் கவிழ்த்துவிட்டு காலி பாட்டிலை நீட்டினார். கண்ணாடிக் கதவு வரைக்கும் தொட்டபெட்டா வாசம், பின்னால் நின்றவர் தும்ம ஆரம்பித்துவிட்டார். கோபம் அவர்கள் மேல் இல்லை. பையை நான் ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

மூஞ்சிக்கல்:
நாலாவது டெர்மினலை விட்டுவிட்டீர்களே அக்கா. 2017ல் திறந்தது. அங்கே இமிகிரேஷன் முடிந்த கையோடு ஒரே இடத்தில் சோதனை, அதுதான் சரியான முறை என்பேன். ஆனால் மற்ற டெர்மினல்களுக்கு நடுவே ஓடும் ஸ்கைட்ரெயின் ரயில் அங்கே கிடையாது, பஸ்தான்.
என் கதை ஜுவல், ஏர்போர்ட்டை ஒட்டிய மால். உள்ளே 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் விழுமே, அதைப் பார்க்கத்தான் ஆசை. மெல்போர்ன் போகிற வழியில் டிரான்சிட், ஜுவலோ இமிகிரேஷனுக்கு வெளியே, என்னிடம் சிங்கப்பூர் விசா இல்லை. 2க்கும் 3க்கும் நடுவே ஓடும் டிரைவர் இல்லாத அந்த ஸ்கைட்ரெயின் ஜுவலுக்குள்ளேயே புகுந்து போகும் என்று தெரிந்ததும் ஏறிவிட்டேன். சில நொடிதான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலேயிருந்து ஓட்டை போட்டதுபோலக் கொட்டுகிறது. திரும்ப ஏறினேன். ஆறு தடவை. கொடைக்கானலில் வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டித் தாண்டி, பஸ்ஸில் தலையைக்கூடத் திருப்பாமல் வளர்ந்தவன் நான்!

கோத்தகிரி தம்பி:
குஞ்சப்பனையில் ரோட்டில் யானை நின்றதால் எனக்கு ஒரு தடவை விமானமே போய்விட்டது, அது கிடக்கட்டும். அக்கா, அடுத்த முறை தைலத்தை 100 மில்லி பாட்டிலில் மாற்றி, ஒரு லிட்டர் ஜிப் கவரில் போடுங்கள். வர்க்கி, டீத்தூள் கையில் வைத்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சிங்கப்பூர் போகிறவர்கள் எஸ்ஜி அரைவல் கார்டை, அதாவது உள்ளே நுழைவதற்கான படிவத்தை, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் போட வேண்டும், இலவசம், காசு கேட்கிற தளத்தில் மாட்டாதீர்கள். டியூட்டி ஃப்ரீயில் சென்ட் கிண்ட் வாங்கினால் சீல் வைத்த கவரை ஊருக்கு வந்துதான் பிரிக்க வேண்டும். அப்புறம் மலையிலிருந்து இறங்குகிறவர்கள் பனிமூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், மழைக்காலம் என்றால் முதல் நாளே மேட்டுப்பாளையத்தில் தங்கிவிடுவது நல்லது. கேட் நம்பரையும் போர்டில் அடிக்கடி பாருங்கள், மாறும்.

குன்னூர்க்காரி:
தம்பி, இதெல்லாம் நான் கேட்டேனா? அந்த யானை கதையைச் சொல்லு.