புதுப்பிப்பு: காலியாகத் தெரிந்த ‘மை குவெரிஸ்’

போன மாதம் புலம்பியிருந்தேனே: வேலைகளைப் பதிந்து பின்தொடரும் மைக்ரோசாஃப்ட் சேவையான அஸூர் டெவ்ஆப்ஸில் நான் சேமித்த குவெரிகள் (தேடல்கள்) பிரவுசரில் தெரிகின்றன, ஸ்கிரிப்ட் எழுதி ஏபிஐ (நிரல்களுக்கான வாசல்) வழியாகக் கேட்டால் ‘மை குவெரிஸ்’ காலி என்று. தப்பு என்னுடையதுதான்.

ஸ்கிரிப்ட் ஓடியது எங்கள் குழுவின் பொதுக் கணக்கு டோக்கனில் (கடவுச்சொல் போன்ற நுழைவுச் சாவி). ‘மை குவெரிஸ்’ என்பது டோக்கன் யாருடையதோ அவருடைய பெட்டி. பொதுக் கணக்கு எதையும் சேமித்ததில்லை, அதனால் காலி. சுங்கை சிப்புட்டில் மழைநாளில் இணையம் விட்டுவிட்டு வரும், பழியை அதன்மேல் போட்டுவிட்டு இருந்தேன்!

என் டோக்கனை வைத்ததும் கோப்புறைகள் வந்தன. ஆனால் எத்தனை நிலை ஆழம் வரை வேண்டும் என்று சொல்லாவிட்டால் உள்ளே இருப்பது வராது. சொன்னாலும் ஒரே அழைப்பில் 2 நிலைதான். அதற்குக் கீழே போக, உள்ளே இன்னும் பிள்ளைகள் (குவெரிகள், கோப்புறைகள்) உண்டு என்று காட்டும் கோப்புறையை மறுபடி கேட்க வேண்டும். குவெரியின் வாசகம் வேண்டுமென்றால் ‘எக்ஸ்பாண்ட்’ என்ற அளவுருவில் தனியாகக் கேட்க வேண்டும்.

அப்புறம் ஒரு கூத்து. சோதிக்கும்போது ஒரு கோப்புறையையே அழித்துவிட்டேன். நல்லவேளை, அழிந்ததையும் சேர்த்துக் காட்டச் சொல்லி, பேட்ச் அழைப்பில் (இருப்பதைத் திருத்தும் அழைப்பு) ‘இஸ்டிலீட்டட்’ (அழிந்ததா) மதிப்பை ஃபால்ஸ் ஆக்கினால் திரும்பி வருகிறது. உள்ளே இருந்தவையும் வர அதற்கென்று தனி அளவுரு உண்டு. மாற்றி வைத்த அனுமதிகள் மட்டும் வராது.

செம்பனை ஆலை எடைப்பாலக் கோளாறு குவெரியை நம் கிராணி (எழுத்தர்) தினமும் கேட்கிறார். அதைப் பொதுவான ‘ஷேர்டு குவெரிஸ்’ கோப்புறைக்கு நகர்த்திவிட்டேன். இனி அவரே பார்த்துக்கொள்ளலாம்.