விடுதியின் காபன் கணக்கு: தெரிஞ்சாக்கள் உதவுங்கோ

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில ஏ9 வீதியோரம் சின்ன விடுதி நடத்துறம். ஒரு அறைக்கு ஒரு இரவு எவ்வளவு காபன் வெளியேறுது எண்டு வெளிநாட்டுப் பயண முகவர் ஒராள் கேட்கிறார். கேட்கவேண்டிய கேள்விதான்.

ஜெனரேற்றர் டீசலைக் கணக்கெடுக்கிறது லேசு, லீற்றருக்குக் கிட்டத்தட்ட 2.7 கிலோ காபனீரொட்சைட்டு. சிக்கல் ஏசிதான். அதுக்குள்ள குளிராக்கிற ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிஞ்சாலே 2 தொன் காபனீரொட்சைட்டுக்கு மேல சமன். ஆனா எவ்வளவு நிரப்பினது எண்டு திருத்த வாறவை எழுதித் தாறேல்லை. வெளியில குடுக்கிற சலவையையும் சேர்க்கோணுமாம், அதை எப்பிடிக் கணக்கெடுக்கிறது?

2050க்குள்ள காபன் சமநிலை, அதாவது வெளிவிடுற அளவும் உறிஞ்சுற அளவும் சமனாகிறது எண்டது நாட்டின்ர இலக்கு. நாங்கள் இப்பவே உண்மையான கணக்கோட தொடங்கோணும். மின்சாரம் ஒரு யூனிட்டுக்கான ஆகப் பிந்தின உமிழ்வுக் காரணியை (ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ காபனீரொட்சைட்டு எண்ட கணக்கு) எங்க எடுக்கலாம்? வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் ஆராவது செய்திருந்தா கீழ எழுதுங்கோ, நேரில வந்தும் பாப்பன்.