உப்புக்காற்று, மணல், பாம்பன் பாலம்: டூயல் ஸ்போர்ட் ஹெல்மெட் எடுக்கலாமா?

பாசி_உச்சிப்புளி

வணக்கம். எனக்கு ஊர் உச்சிப்புளி பக்கம். கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழுக்களோடு களப்பணி செய்கிறேன். வாரத்தில் நாலு நாள் மண்டபம், பாம்பன், ஓலைக்குடா என்று போவேன். மற்ற நாட்களில் தேவிபட்டினம், தொண்டி. வண்டி எக்ஸ்பல்ஸ் 200. பாதித் தூரம் தார் ரோடு, மீதி கடற்கரை மணல் தடம்.

போன மாதம் தனுஷ்கோடி ரோட்டில் முகுந்தராயர் சத்திரம் தாண்டி விழுந்துவிட்டேன். காற்று கொண்டுவந்து போட்ட மணல் ரோட்டின் மேல் ஒரு விரல் கனத்துக்குக் கிடந்தது, அவ்வளவுதான். முன்சக்கரம் அப்படியே பக்கவாட்டில் போய்விட்டது. வேகம் முப்பது, முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. தலையில் இருந்தது அரை ஹெல்மெட். நாடியில் நாலு தையல் போட்டார்கள், இரண்டு உள்ளங்கையிலும் தோல் போயிற்று. ஹெல்மெட் தாரில் இடித்த சத்தம் நன்றாகக் கேட்டது, ஆனால் வெளியே ஒரு கீறலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

வண்டியை விற்றுவிடு என்று அம்மா தினமும் சொல்கிறார். பஸ்ஸை நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. காலை ஆறு மணிக்கே மிதவை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் இந்த முறை ஒழுங்காக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று 16,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன்.

முன்னால் தொப்பி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் டூயல் ஸ்போர்ட் ஹெல்மெட் எடுக்கலாமா, சாதாரண ஃபுல் ஃபேஸ் போதுமா? பாலத்தில் காற்று இழுக்கும் என்கிறார்களே, உண்மையா? அளவு எப்படிப் பார்ப்பது? எனக்கு முடி இடுப்பு வரை உண்டு, கொண்டை போட்டால் எந்த ஹெல்மெட்டும் இறங்காது. இந்த வெயிலில் ஜாக்கெட் போட்டு ஓட்ட முடியுமா? பழைய ஹெல்மெட்டை தம்பி கேட்கிறான், கொடுக்கலாமா?

கருப்பட்டி_சாயல்குடி

தங்கச்சி, கை ஆறிவிட்டதா? உள்ளங்கைத் தோல் முழுதாக மூடும்வரை கிளட்ச் பிடிக்க வேண்டாம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்த ஹெல்மெட்டைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒரு தடவை நசுங்கத்தான் செய்யப்பட்டது. நசுங்கும்போதுதான் அடி தலைக்குப் போகாமல் அதில் அடங்குகிறது. நசுங்கிய இடம் துணிக்கு அடியில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதே இடத்தில் அடுத்த அடி பட்டால் அடங்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஸ்ட்ராப்பைக் கத்தரியால் வெட்டிவிட்டுத் தூக்கிப் போடுங்கள். வெட்டாமல் போட்டால் யாராவது எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்வார்கள்.

நான் கருப்பட்டி வியாபாரம். பன்னிரண்டு வருஷமாக சாயல்குடியிலிருந்து ஏர்வாடி, கீழக்கரை வழியாகத் தொண்டி வரைக்கும், வாரம் ஒரு நாள் ராமேஸ்வரமும் பைக்கில்தான். இரண்டு வகை ஹெல்மெட்டும் போட்டு ஓட்டியிருக்கிறேன். உங்கள் பாதைக்கு டூயல் ஸ்போர்ட்தான் சரி என்பேன். காரணம் மணல்கூட இல்லை, சூரியன். காலையில் கிழக்கே மண்டபத்துக்குப் போகிறீர்கள், வெயில் நேராகக் கண்ணில். சாயங்காலம் மேற்கே திரும்புகிறீர்கள், மறுபடியும் கண்ணில். அந்த ரோட்டில் மாலை ஐந்தரைக்கு எதிரே வரும் லாரி வெறும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். தலையை ஒரு இரண்டு விரல் அளவு கவிழ்த்தால் தொப்பி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்த பீக் சூரியனை மறைத்துவிடும், ரோடு தெளிவாகத் தெரியும். கறுப்புக் கண்ணாடி போட்டால் இதே வேலை நடக்கும், ஆனால் இருட்டியதும் அதே கண்ணாடி ஆபத்து. வெள்ளைக் கண்ணாடியும் பீக்கும் என்றால் இரண்டு பொழுதுக்கும் ஆகும்.

இன்னொன்று, டூயல் ஸ்போர்ட்டில் நாடிப் பக்கம் முன்னால் நீண்டிருக்கும், மூச்சு விட இடம் உண்டு. மணலில் வண்டியை உந்தி உந்தி ஓட்டும்போது சாதாரண ஃபுல் ஃபேஸில் திணறும். கண் திறப்பும் அகலம். கண்ணாடியைத் தூக்கிவிட்டு காகில்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது பாலம். காற்று இழுக்கும் என்பது உண்மைதான். பாம்பனில் காற்று கூடினால் ரயிலையே நிறுத்தி வைக்கிறார்கள், பைக் எம்மாத்திரம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் ராமேஸ்வரம் போகும்போது வலப்பக்கத்திலிருந்து அடிக்கும், திரும்பும்போது இடப்பக்கம். நேராகப் பார்த்துக்கொண்டு போனால் பீக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். ரயில் வருகிறதா என்று கடல் பக்கம் தலையைத் திருப்பினீர்களோ, பீக் பாய் மாதிரி காற்றைப் பிடித்துக்கொள்ளும். கழுத்தை யாரோ பிடித்து முறுக்குவது போலிருக்கும். முதல் தடவை அப்படி ஆனபோது வண்டி ஒரு முழம் நடுரோட்டுக்கு நகர்ந்துவிட்டது. பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்தத் தூரத்துக்கு நாற்பதுக்கு மேல் போகாதீர்கள், தோளைத் தளர்த்தி வையுங்கள், தலையைத் திருப்பாதீர்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள் காரைத் திடீரென்று நிறுத்துவார்கள், அதற்கும் இந்த வேகம்தான் சரி. காற்று மிகவும் அதிகமான நாளில் மண்டபத்தில் நிறுத்திப் பீக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பல மாடல்களில் பக்கத்துக்கு ஒரு திருகுதான், ஒரு ரூபாய் நாணயத்தால் கழற்றலாம். பீக் கழற்றினாலும் கண்ணாடி நிற்கிற மாடலாகப் பார்த்து எடுங்கள்.

அளவு. புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலாக, பின்மண்டையில் எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அந்த வழியாகத் தையல் டேப்பைச் சுற்றுங்கள். 57, 58 சென்டிமீட்டர் என்றால் பெரும்பாலும் எம், 59, 60 என்றால் எல். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் அந்த எண்ணை மட்டும் நம்பி ஆன்லைனில் போடாதீர்கள். மதுரைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கடையில் போட்டதும் கன்னம் இரண்டும் உள்ளே அமுங்கிப் பேசும்போது பல்லில் கடிபடுகிற மாதிரி இருக்க வேண்டும். புதிதில் அப்படித்தான் இருக்கும், இரண்டு மூன்று வாரத்தில் இளகிவிடும். ஹெல்மெட்டைக் கையால் பிடித்து இடவலமாக ஆட்டினால் உங்கள் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகத் திரும்பினால் பெரிது. பிறகு ஸ்ட்ராப்பைக் கட்டிக்கொண்டு, பின்பக்கக் கீழ்விளிம்பைப் பிடித்து முன்னால் கவிழ்க்கப் பாருங்கள், அல்லது கூட வந்தவரைச் செய்யச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அதை வைத்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைந்தாலும் சரி. கடைசியாகப் பதினைந்து நிமிஷம் தலையிலேயே வைத்திருந்து கழற்றி, கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். நடு நெற்றியில் மட்டும் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தால் உங்கள் தலை வாட்டம் வேறு, ஹெல்மெட் வாட்டம் வேறு. தொண்டி போய்த் திரும்புவதற்குள் தலைவலி உயிரை எடுக்கும். கடைக்காரர் அவசரப்படுத்துவார், நீங்கள் நகராதீர்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2021 ஜூன் 1 முதல் அது இல்லாத ஹெல்மெட்டை விற்பதே தவறு. முத்திரையோடு ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை, இந்த முத்திரையைத் தரும் பி.ஐ.எஸ். அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று காட்டிவிடும். ரோட்டோரம் விற்கும் பலவற்றில் முத்திரை மட்டும்தான் இருக்கும். கூடவே இ.சி.இ. 22.06 என்ற ஐரோப்பியத் தர முத்திரையும் இருந்தால் இன்னும் நல்லது. அதில் தலை சுழலும்படி சாய்வாக இடிக்கும் சோதனையும் உண்டு. உங்கள் விழல் மாதிரி பக்கவாட்டில் சரிந்து விழும்போது அந்தச் சுழற்சிதான் மூளைக்குக் கெடுதல்.

ஜாக்கெட் பற்றி நாளை எழுதுகிறேன், கடையில் ஆள் வந்துவிட்டது.

மண்டபம்_ஒர்க்‌ஷாப்

எனக்கு வேறு கருத்து. நல்ல ஃபுல் ஃபேஸ் போதும், விலையும் குறையும், பாலத்தில் நிம்மதி. என்னிடம் வரும் பையன்கள் பாதிப்பேர் பீக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுகிறார்கள்.

எதை வாங்கினாலும் உப்பை மறக்காதீர்கள். கடலோரம் ஆறு மாதத்தில் ஸ்ட்ராப்பை இறுக்கும் டி ரிங்கிலும் கண்ணாடித் திருகிலும் துரு ஏறிவிடும். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். கண்ணாடியில் மணல் இருக்கும்போது வறட்டுத் துணியால் தேய்க்காதீர்கள், ஈரத்துணியைப் பத்து நிமிஷம் மேலே போட்டு ஊறவிட்டுத் துடைத்தால் கீறல் விழாது. ஸ்டிக்கர் பசையை எடுக்கப் பெட்ரோல், தின்னர் கிட்டவே வேண்டாம். பாலிகார்பனேட் ஓடு என்றால் வெளியே பளபளவென்று இருந்துகொண்டே வலு போய்விடும்.

செவிலியர்_கீழக்கரை

எலும்பு வார்டில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். நானும் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன்.

தங்கச்சி, முதலில் கையுறை வாங்குங்கள். விழும்போது யாருமே யோசித்துக் கையை ஊன்றுவதில்லை, கை தானாகப் போகும். உள்ளங்கையில் ஏறிய மணலையும் தார்த்துகளையும் பிரஷ் வைத்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பெரிய பெரிய ஆம்பளைகள் அந்த மேஜையில் அழுததைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டை ஒட்டி ஒரு சின்ன எலும்பு இருக்கிறது, ஸ்கேஃபாய்டு. கை ஊன்றி விழுந்தால் அது உடையும், ரத்த ஓட்டம் குறைவான எலும்பு என்பதால் சேர மாதக்கணக்காகும். உள்ளங்கையின் அடிப்பக்கம் வழவழப்பான கட்டை பதித்த கையுறைகள் உண்டு. தரையில் கை சிக்காமல் சறுக்கிவிடும். அதைக் கேட்டு வாங்குங்கள். மணிக்கட்டில் இறுக்கும் பட்டி இல்லாத கையுறை முதல் இழுப்பிலேயே கழன்றுவிடும்.

முடிக்கு என் வழி: கழுத்தை ஒட்டித் தாழ்வாகப் பின்னல், பின்னலை ஜாக்கெட்டுக்கு உள்ளே விட்டுவிடுவேன். மேலே மெல்லிய பருத்தித் தலைத்துணி. எங்கள் பக்கம் ஹிஜாப் போடும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன், குண்டூசி, கிளிப், க்ளட்சர் எதுவும் ஹெல்மெட்டுக்கு உள்ளே கூடாது. சாதாரண நாளில் ஒன்றும் செய்யாத கிளிப் அடிபடும் நாளில் மண்டையில் இறங்கும். கடையில் போட்டுப் பார்க்கும்போதும் அதே பின்னல், அதே துணியோடு பாருங்கள். துப்பட்டாவை வீட்டிலிருந்தே பைக்குள் வைத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், அம்மாவிடமும் தம்பியிடமும் சொல்லி வையுங்கள். ரோட்டில் ஹெல்மெட்டோடு விழுந்து கிடப்பவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள். கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு, தலை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லை, வாந்தி அடைக்கிறது என்றால் மட்டும் இரண்டு பேராக, ஒருவர் கழுத்தையும் நாடியையும் தாங்க, மற்றவர் மெல்லக் கழற்ற வேண்டும்.

கருப்பட்டி_சாயல்குடி

அக்கா சொன்னது ஒவ்வொன்றும் சத்தியம். ஒர்க்‌ஷாப் அண்ணன் சொன்னதும் சரிதான், பாலம் மட்டும்தான் பாதை என்றால். தங்கச்சிக்குக் காலை மாலை இரண்டு வேளையும் சூரியன் எதிரில் இருக்கிறது, அதனால்தான் நான் பீக் கேட்கிறேன்.

ஜாக்கெட் மெஷ் துணியில் எடுங்கள், வெளிர் நிறத்தில். உடம்பு முழுக்க மூடினால் வேகும் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, தோலில் நேராக வெயிலும் காற்றும் பட்டால் வியர்வை வந்ததும் காய்ந்துவிடுகிறது, உடம்பு வறண்டு போகிறது. மெஷ்ஷுக்கு உள்ளே பருத்தி பனியனை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு கிளம்பினால் தேவிபட்டினம் வரை குளுகுளுவென்று இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்வரை கஷ்டமில்லை. ரயில்வே கேட் போட்டால் நிழலில் நிறுத்தி ஜிப்பைத் திறந்துவிடுங்கள். மோர், நீராகாரம், சீசனில் பதநீர், எதுவானாலும் தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள்.

தோள், முழங்கை பேட்களை உருவிப் பாருங்கள். இ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தர எண், லெவல் 1 அல்லது 2 என்று அச்சாகியிருக்கும். சோதனையில் அடித்தால் மறுபக்கம் போகும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள் வந்தால் லெவல் 1, 20-க்குள் வந்தால் லெவல் 2. முதுகில் பெரும்பாலும் வெறும் ஸ்பாஞ்சைத்தான் வைத்துத் தருகிறார்கள், அதை மாற்றுங்கள். பேட் மூட்டு மேலேயே உட்கார வேண்டும், கையைத் தூக்கினால் நழுவக் கூடாது. பெண்கள் அளவில் தைத்தது கிடைத்தால் அதையே எடுங்கள். ஆண்கள் ஜாக்கெட்டில் தோள் அகலமாகி முழங்கை பேட் கீழே இறங்கிவிடும்.

முழங்காலுக்கு, தளர்ந்த பேன்ட்டுக்கு உள்ளே கட்டும் நீகார்டு போதும். காலுக்கு, நீங்கள் கடலில் இறங்கும் ஆள், செருப்போடுதான் போவீர்கள் என்று நினைக்கிறேன். செருப்பு பையில் இருக்கட்டும். ஓட்டும்போது கணுக்கால் எலும்பு மூடும் ஷூ போடுங்கள். பைக் பூட்ஸுக்குப் பணம் பத்தாவிட்டால் கட்டட வேலைக்காரர்கள் போடும் உயரமான சேஃப்டி ஷூ இப்போதைக்குப் போதும். ஹெல்மெட்டுக்கு ஆறாயிரம், ஜாக்கெட்டுக்கு ஆறாயிரம், மிச்சத்தில் கையுறை, நீகார்டு, ஷூ. அப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பாசி_உச்சிப்புளி

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மதுரை போய் வந்தேன். டேப்பில் 57 காட்டியது. நானும் எம்தான் என்று நினைத்துப் போனேன், ஆனால் முதல் கடையில் போட்ட எம் கவிழ்த்ததும் கழன்று கையில் வந்துவிட்டது. மூன்றாவது கடையில் எஸ் அளவு ஒன்று சரியாக உட்கார்ந்தது, டபுள் டி ரிங், இரண்டு முத்திரையும் இருக்கிறது. பின்னல், தலைத்துணியோடுதான் போட்டுப் பார்த்தேன். கையுறையும் ஜாக்கெட்டும் வாங்கியாயிற்று. ஷூ அடுத்த மாதச் சம்பளத்தில்.

நேற்று பாலத்தில் போனேன். அண்ணன் சொன்னபடி நாற்பதில், நேராகப் பார்த்துக்கொண்டு. நடுவில் ரயில் வரும் சத்தம் கேட்டது, திரும்பவில்லை. அம்மா டி ரிங்கை மாட்டவும் கழற்றவும் கற்றுக்கொண்டுவிட்டார். காலையில் அவரே மாட்டி, இரண்டு விரலை உள்ளே விட்டு இறுக்கம் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்.